எட்டு ஆண்டுகள் காத்திருந்த பெண்

மேரி கியூரி அம்மையார் என்றதும் நம் நினைவுக்கு வருவது ரேடியம். அடுத்து, இரண்டு நோபல் பரிசுகள். பாடநூல்கள் அவரைப் பாரிஸ் நகரத்து ஆய்வுக்கூடத்தில்தான் நமக்கு அறிமுகம் செய்து வைக்கின்றன. அந்த ஆய்வுக்கூடத்தின் வாயிலை அடையுமுன் அவர் கடந்து வந்த எட்டு ஆண்டுகளை அறிந்தோர் சிலரே. கல்லூரியில் பயிலும் நாம் முதலில் அறிய வேண்டியவை அந்த ஆண்டுகளே.

1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் வார்சா நகரில் ஐந்து மக்களுள் இளையவராக அவர் பிறந்தார். மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா என்பது பிறந்த வீட்டுப் பெயர். அந்நாளில் போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. வார்சா ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பள்ளியில் தாய்மொழிக்கு இடமில்லை. ரஷ்ய மொழியிலேயே பாடம். தந்தையார் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். மேலதிகாரியின் சினத்துக்கு ஆளாகிப் பதவியையும் குடியிருப்பையும் இழந்தார். வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்து, அந்த வருவாயில் குடும்பம் நடந்தது. மூத்த சகோதரியைக் கொடிய காய்ச்சல் கொண்டுபோயிற்று. 1878இல் தாயாரைக் காசநோய் கொண்டுபோயிற்று. அப்போது மரியாவுக்கு வயது பத்து.

1883இல் மரியா தங்கப் பதக்கத்துடன் பள்ளிப் படிப்பை முடித்தார். அத்துடன் பாதை அடைபட்டது. வார்சாப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்ப்பதில்லை. அண்ணன் அங்கே மருத்துவம் படிக்கலாம். அறிவில் அவருக்குச் சற்றும் குறையாத தங்கைகள் வாயிலிலேயே நிற்க வேண்டும்! வெளிநாடு சென்றால் படிக்கலாம், அதற்குப் பணமில்லை. காவலர் கண்ணில் படாமல் வீடு வீடாக இடம் மாறி நடந்த இரகசிய வகுப்புகளில் மரியாவும் அக்காள் புரோன்யாவும் கற்றனர். ஆயினும் அந்த வகுப்புகள் பட்டம் தர இயலுமா?

புரோன்யாவுக்குப் பாரிஸில் மருத்துவம் பயில ஆசை. சேமிப்போ ஓராண்டுக்கு மட்டுமே போதும். சகோதரியர் இருவரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். முதலில் அக்காள் செல்வது. தங்கை வேலை பார்த்துப் பணம் அனுப்புவது. அக்காள் மருத்துவரானதும் தங்கையை அழைத்துக்கொள்வது. எழுத்தில்லை, சாட்சியில்லை. முதலில் கொடுப்பவர் தம் இளமையையே பணயம் வைக்கும் உடன்பாடு அது.

1886 ஜனவரியில் மரியா, வார்சாவுக்கு வடக்கே ஒரு சிற்றூரில், பண்ணை நிர்வாகி ஒருவரின் வீட்டுக்குக் குழந்தைகளின் ஆசிரியையாகச் சென்றார். ஆண்டுச் சம்பளம் 500 ரூபிள். சாளரத்துக்கு வெளியே சர்க்கரைக் கிழங்கு வயல்கள். பகலெல்லாம் பாடம் சொல்லித்தருவார். மாலையில் உழவர் குழந்தைகளுக்குச் சட்டத்தின் தடையை மீறிப் போலிஷ் எழுத்து கற்பிப்பார். இரவில் இயற்பியலும் கணிதமும் தாமே படிப்பார். ஐயம் எழுந்தால் தந்தைக்குக் கடிதம் எழுதுவார்.

அங்கேதான் மற்றோர் அடியும் விழுந்தது. அவ்வீட்டின் மூத்த மகனும் மரியாவும் ஒருவரையொருவர் விரும்பினர். சம்பளத்துக்கு வந்த ஏழைப் பெண் மருமகளாவதா என்று பெற்றோர் மறுத்தனர், மகன் பணிந்தான். மானமுள்ள எவரும் மறுநாளே அவ்வீட்டை விட்டு வெளியேறியிருப்பர். மரியாவால் இயலவில்லை. பாரிஸில் அக்காளின் படிப்பு அவருடைய சம்பளத்தை நம்பியிருந்தது. அவமானத்தை விழுங்கிக்கொண்டு, ஒப்பந்தக் காலம் முடியும் வரை, 1889 வரை, அங்கேயே பணிபுரிந்தார்.

நண்பர்களே, இதுவரை கண்டவை யாவும் புறத்தடைகள். ஆட்சி, வறுமை, பெண் என்ற காரணம், குடும்பக் கடமை: இவற்றைச் சுட்டிக்காட்டலாம்; பெயரிட்டு அழைக்கலாம். 1890இல் எழுந்த தடையோ வேறு வகையானது. அவ்வாண்டில் புரோன்யா வாக்குத் தவறாமல் தங்கையைப் பாரிஸுக்கு அழைத்தார். கதவு திறந்தபோது மரியா தயங்கினார்! தந்தைக்குத் துணையாக இருக்க வேண்டும். பாரிஸ் என்பது பழைய கனவு. தமக்கு இனி அது இல்லை என்றே எண்ணிவிட்டார். நெடுங்காலம் காத்திருப்பவரின் மனம் தன்னைக் காத்துக்கொள்ள ஆசையையே சுருக்கிக்கொள்கிறது. ஏமாற்றத்தைத் தாங்குவதைவிட ஆசையைக் கைவிடுவது எளிதாகிவிடுகிறது. புறத்தடைகள் நீங்கிய பின்னும் பலர் புறப்படாமல் போவது இதனால்தான்.

அவரை மீட்டது ஒரு சிறு ஆய்வுக்கூடம். வார்சாவில் உறவினர் ஒருவர் பொறுப்பிலிருந்த தொழில், வேளாண்மைக் காட்சியகத்தில், மாலை வேளைகளிலும் ஞாயிறுகளிலும் தாமே சோதனைகள் செய்து பார்த்தார். கை பழகப் பழக, அணைந்ததாக எண்ணிய ஆசை மீண்டும் பற்றிக்கொண்டது. 1891 நவம்பரில், 24 வயதில், பாரிஸுக்குப் புறப்பட்டார். ஜெர்மனியைக் கடந்தது நாலாம் வகுப்புப் பெட்டியில். உட்கார இருக்கையும் உடன் கொண்டுசென்றார். மாடி அறையில் குளிரும் அரைப்பட்டினியும் துணையாக, 1893இல் இயற்பியலில் முதலிடமும் 1894இல் கணிதத்தில் இரண்டாமிடமும் பெற்றார்.

பின்னர் நிகழ்ந்தவை உலகறிந்தவை. 1898இல் கணவர் பியர் கியூரியுடன் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்தார். தடைகள் அப்போதும் ஓயவில்லை. 1903ஆம் ஆண்டு நோபல் பரிசுக்குப் பிரெஞ்சு அறிஞர் சிலர் அனுப்பிய பரிந்துரையில் அவர் பெயரே இல்லை. பியர் எடுத்துரைத்த பின்பே சேர்ந்தது. 1911இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்க மறுத்தது. அதே ஆண்டில் வேதியியலுக்காக இரண்டாம் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. நெடுங்காலக் கதிர்வீச்சால் நலிந்து 1934 ஜூலை 4ஆம் நாள் மறைந்தார்.

ஒரு செய்தியை மட்டும் சொல்லி முடிக்கலாம். பாரிஸில் பயின்றபோது 600 ரூபிள் உதவித்தொகை ஒன்று அவருக்குக் கிடைத்தது. திருப்பித் தரவேண்டும் என்ற விதி ஏதுமில்லை. எனினும் முதல் வருவாய் வந்ததும் அத்தொகையை முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்தார், அடுத்து வரும் ஏழை மாணவர் ஒருவருக்கு அது பயன்படட்டும் என்று. அக்காள் கைதூக்கிவிட மேலேறியவர் அவர்; அடுத்தவருக்குக் கை கொடுக்கும் கடமையை மறக்கவில்லை. நம் இல்லங்களிலும் ஒருவர் படிக்க மற்றொருவர் படிப்பை நிறுத்திக்கொள்வது புதிதன்று. முதலில் கரையேறியவர் நாமாக இருந்தால், நமக்காகக் காத்திருப்பவர் ஆசையைச் சுருக்கிக்கொள்ளுமுன் அழைப்பு அனுப்புவோமாக!