வேதசாட்சியின் தாயார்



சென்ற மாதம் நமது பங்கில் ஒரு தாயாரை நல்லடக்கம் செய்தோம். தூர தேசத்தில் வேலை பார்க்கும் மகன் வந்து சேர்ந்தபோது கல்லறையில் மண் மூடியாகிவிட்டது. விசுவாசமுள்ளவன் இப்படி அழலாமா சுவாமி என்று அவன் கேட்டான். அந்த நேரத்தில் எனக்குச் சரியான பதில் வரவில்லை. வீடு திரும்பிய பிறகு மதுரை மிஷனுக்கு உரிமையுள்ள வேறொரு தாயாரின் ஞாபகம் வந்தது. அவர் மதுரையைக் கண்டவரல்லர்.

பிரிட்டோ பள்ளிக்கூடம் என்றும், தேனி ரோட்டில் மேற்கே போனால் கருமாத்தூரில் அருளானந்தர் கல்லூரி என்றும் அந்த மகனின் பெயரை நாம் தினமும் உச்சரிக்கிறோம். தாயாரின் பெயர் பெயாத்ரிஸ் பெரைரா. அதைச் சொல்வார் இல்லை.

லிஸ்பன் நகரில் 1647 மார்ச் 1ந் தேதி அருளானந்தர் பிறந்தார். தகப்பனார் சால்வதோர் தெ பிரிட்டோ, பிரேசில் நாட்டில் ரியோ நகரத்து ஆளுநராக அனுப்பப்பட்டு, அங்கேயே இறந்து போனார். கடல் கடந்து போன கணவர் திரும்பவில்லை. பிள்ளைகளைக் கரையேற்றும் பாரம் விதவைத் தாயின் தலையில் விழுந்தது. இளைய மகன் அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக வளர்ந்தான். பத்துப் பதினோரு வயதில் அவனுக்குக் கொடிய நோய் கண்டது; வைத்தியர்கள் கைவிட்டார்கள். தாயார் அர்ச். சவேரியாரிடம் முறையிட்டார். பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் சேசுசபை அங்கியை அவனுக்கு உடுத்துவதாக நேர்ச்சை செய்தார். பிள்ளை பிழைத்தான். தாயார் தம் வாக்கை நிறைவேற்றினார். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்குக் காவி உடுத்தும் நம் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வருஷம் முடிந்ததும் அங்கியைக் கழற்றினார்கள். மகனுடைய மனதிலிருந்து அது கழலவில்லை. 1662 டிசம்பர் 17ந் தேதி, பதினைந்தாம் வயதில், அவர் சேசுசபையில் சேர்ந்தார். தாயார் அதைப் பொறுத்துக்கொண்டார். ஆனால் குருப்பட்டம் பெற்று 1673ல் இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறார் என்று கேட்டதும் அவரால் தாங்க முடியவில்லை. தமக்குள்ள செல்வாக்கையெல்லாம் கூட்டி, பாப்பரசரின் ஸ்தானாதிபதியிடமே போய்ப் பயணத்தைத் தடுக்கும்படி வேண்டிக்கொண்டார். அவரும் தலையிட்டார். மகனோ, தம்மைத் துறவறத்துக்கு அழைத்தவரே இந்தியாவுக்கும் அழைக்கிறார் என்று பணிவோடு சொல்லி, உறுதியாய் நின்றார். மார்ச் மாதம் கப்பல் புறப்பட்டது. செப்டெம்பரில் கோவாவைச் சேர்ந்தது.

சரித்திரம் எழுதியவர்களில் சிலர் இவ்விடத்தில் தாயாருக்கு விசுவாசக் குறைவு இருந்ததுபோல் எழுதி, அவசரமாய்க் கடந்து போகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. கடல் ஏற்கெனவே ஒருவரைக் கொண்டுபோயிருந்தது. நான் குருமடத்துக்குப் புறப்பட்ட அன்று என் தாயாரும் பஸ் நிற்குமிடம் வரை ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் போனதோ ஐந்து மணி நேரப் பயணம்.

இங்கே அருளானந்தர் பண்டார சுவாமியாராக உடுத்தி, காய்கறியும் சோறும் உண்டு, செஞ்சிச் சீமையிலும் தஞ்சை நாட்டிலும் மறவர் நாட்டிலும் கால்நடையாய் உழைத்தார். 1686ல் தம்முடைய உபதேசிமாருடன் பிடிபட்டு, கொடிய வாதைகளுக்கு உள்ளானார். பின்னர் சேதுபதியால் விடுவிக்கப்பட்டார். அதன் பிறகு மேலதிகாரிகள் மிஷன் காரியமாக அவரை லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். பதினைந்து வருஷம் கழித்துத் தாயார் மகனைக் கண்டார். வந்தவர் பழைய அரண்மனைப் பிள்ளையல்லர். இறைச்சியைத் தொடாமல், வெறுந்தரையில் படுத்து, போர்த்துக்கல் தேசத்திலேயே தமிழ்நாட்டுச் சந்நியாசியாக வாழ்ந்தார். விளையாட்டுத் தோழர் பேதுரு அப்போது அரசர். தம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்துவிடும்படி கேட்டார். தாயாருக்கு எப்படிப்பட்ட ஆசையை அது எழுப்பியிருக்கும்! அருளானந்தர் இசையவில்லை. 1690ல் மறுபடியும் கப்பலேறினார்.

1693 ஜனவரியில் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றார். பல மனைவியரில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அதிலிருந்து வினை முற்றியது. பிப்ரவரி 4ந் தேதி ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. நாற்பத்தாறு வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை.

செய்தி லிஸ்பனுக்கு எட்டியது. அரசர் துக்கப் பூசைக்கு அல்ல, நன்றியறிதலுக்கே கட்டளையிட்டார். அந்த ஆராதனைக்குத் தாயாரும் வந்தார். விதவையும் மகனைப் பறிகொடுத்தவருமான அந்த அம்மாள் கறுப்பு உடுத்தவில்லை. திருவிழா உடையில் வந்தார். இருபது வருஷத்துக்கு முன் கப்பலைத் தடுக்க வாசல் வாசலாய் ஏறியவரும் அவர்தான். அழுகை இல்லாமல் அவர் அந்த உடைக்கு வந்து சேர்ந்தார் என்று எவரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அண்ணன் பெர்னான், தம்பியின் பிறப்பையும் வாழ்க்கையையும் வேதசாட்சி மரணத்தையும் ஒரு புத்தகமாக எழுதினார். அது 1722ல் கோயிம்பிராவில் அச்சாயிற்று. 1853ல் முத்திப்பேறு பட்டமும், 1947 ஜூன் 22ந் தேதி பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரால் அர்ச்சியசிஷ்ட பட்டமும் அருளானந்தருக்கு அளிக்கப்பட்டன.

அந்தப் பையன் ஊருக்குத் திரும்புமுன் என்னைப் பார்க்க வந்தான். இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். தாயாரின் முப்பதாம் நாள் பூசைக்குப் பணம் கட்டிவிட்டு, கல்லறைக்குப் போகிற வழியில் பூ எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தப் பூசை. வரக்கூடியவர்கள் வாருங்கள்.