வீழ்த்தியவனையும் வணங்கச் சொன்ன வாத்தியார்

பள்ளிக்கூடத்தில் ஒரு நோஞ்சான் பையன் இருந்தான். பெரிய பையன்கள் அவனை இழுப்பார்கள், இடிப்பார்கள், கீழே தள்ளி வேடிக்கை பார்ப்பார்கள். திருப்பி அடிக்க அவனுக்குத் தெம்பு இல்லை.

அந்தப் பையன்தான் பிற்காலத்தில் ஜூடோ என்னும் மற்போர்க் கலையை உண்டாக்கினார். இன்று பல தேசங்களில் சிறுவர் சிறுமியர் அதைப் பயிலுகிறார்கள். அவர் பெயர் ஜிகோரோ கானோ. ஜப்பான் நாட்டவர்.

பலசாலிகளிடமிருந்து தப்பவே அவர் வித்தை கற்கப் போனார். கற்று முடித்தபோது வேறு மனிதராகத் திரும்பினார். அது எப்படி நடந்தது?

தாயை இழந்த சிறுவன்

கானோ 1860-ம் ஆண்டில் மிகாகே என்ற ஊரில் பிறந்தார். அது இன்று கோபே நகரத்தோடு சேர்ந்துவிட்டது. அரிசியிலிருந்து மது காய்ச்சும் தொழிலுக்குப் பேர்போன ஊர். வசதியான குடும்பம்தான். ஆனால் பத்து வயது நிறைவதற்குள் தாயார் இறந்துவிட்டார். தகப்பனார் மகனை டோக்கியோவுக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார்.

படிப்பில் கானோ சூரர். தேகம்தான் சிறியது. வளர்ந்த பிறகும் அவர் உயரம் சுமார் 5 அடி 2 அங்குலம்தான்.

ஜப்பானில் ஜியூஜித்சு என்ற பழைய வித்தை ஒன்று உண்டு. ஆயுதம் இல்லாமல் சண்டை போடும் வித்தை. அது தெரிந்தால் மெலிந்தவனும் பலசாலியைத் தள்ளிவிடலாம் என்று கானோ கேள்விப்பட்டார். அதைக் கற்க ஆசைப்பட்டார்.

வைத்தியர் வீட்டில் வித்தை

அது வாளேந்திய சாமுராய் வீரர்களின் காலம் முடிந்த சமயம். 1876-ல் சாதாரண மக்கள் வாள் தரிப்பதை அரசாங்கம் தடுத்துவிட்டது. பழைய வித்தைகளுக்கு மதிப்பு இல்லை. தெரிந்த பெரியவர்களிடம் கானோ கேட்டுப் பார்த்தார். இந்தக் காலத்தில் அது எதற்கு என்று சொல்லிவிட்டார்கள்.

பிழைப்புக்கு வழியில்லாமல் ஜியூஜித்சு வாத்தியார்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வந்தார்கள். 1877-ல் சர்வகலாசாலையில் சேர்ந்த கானோ, அப்படிப்பட்ட வைத்தியர்களைத் தேடி அலைந்தார். கடைசியில் ஒருவர், ஃபுகுடா ஹாச்சினோசுகே என்ற வாத்தியாரைக் காட்டிக்கொடுத்தார்.

ஃபுகுடா அதிகம் பேசமாட்டார். பிடியை விளக்கச் சொன்னால், சீடனைத் தூக்கிப் போடுவார். மறுபடியும் கேட்டால் மறுபடியும் போடுவார். விழுந்து விழுந்துதான் கற்க வேண்டும். கானோவின் உடம்பெல்லாம் காயம், காயமெல்லாம் களிம்பு.

அங்கே ஒரு பருத்த சீடன் இருந்தான். அவனைக் கானோவால் அசைக்கவே முடியவில்லை. மேல்நாட்டுக் குஸ்திப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்து, ஆளைத் தோளில் தூக்கிப் போடும் பிடியைக் கண்டுபிடித்தார். பழகினார். ஒரு நாள் அந்தப் பருத்தவனைத் தூக்கியே போட்டுவிட்டார்!

கோபம் தணிந்தது

இளமையில் கானோ முன்கோபக்காரர். ஆனால் தேகம் உறுதியானதும் மனமும் நிதானம் அடைவதை அவரே கவனித்தார். இந்தப் பயிற்சி மனத்தையும் பக்குவப்படுத்தும் என்ற நம்பிக்கை அவருக்கு அப்போதுதான் பிறந்தது.

1879-ல் ஃபுகுடா காலமானார். அடுத்த வாத்தியார் ஈசோ 1881-ல் காலமானார். பிறகு கானோ ஈகுபோ என்பவரிடம் சேர்ந்தார்.

எதிரி தள்ளினால் நாமும் எதிர்த்துத் தள்ளக்கூடாது. தள்ளும் பக்கமே இழுக்க வேண்டும். அவன் நிலை தடுமாறும் நொடியில் சிறு உந்தல் போதும். இந்த நுட்பத்தைக் கானோ நன்றாகக் கண்டுகொண்டார். ஒரு நாள் ஈகுபோவையே திரும்பத் திரும்ப வீழ்த்தினார். வாத்தியார் கோபிக்கவில்லை. காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இனி உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை என்று கூறி, தம் வித்தையின் சுவடிகளைச் சீடனிடமே கொடுத்துவிட்டார்.

அந்த நன்றியைக் கானோ மறக்கவில்லை. ஈகுபோ கற்பித்த பழைய ஆட்டமுறையைத் தம் கலையில் அப்படியே காப்பாற்றி வைத்தார். 1929-ல், கிட்டத்தட்ட எழுபது வயதில், ஜப்பான் சக்கரவர்த்தியின் முன்னிலையில் தாமே அதை ஆடிக் காட்டினார்.

பன்னிரண்டு பாய்களில் பள்ளி

1882-ல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் கானோ தம் பள்ளியைத் தொடங்கினார். பன்னிரண்டு பாய் விரிக்கும் இடம், ஒன்பது மாணாக்கர்கள். அதற்குக் கோடோகான் என்று பெயர் வைத்தார். மார்க்கத்தைப் போதிக்கும் இடம் என்று பொருள். பள்ளிச் செலவுக்காக அவர் இரவில் கண்விழித்து மொழிபெயர்ப்பு வேலை செய்தார்.

தம் வீட்டிலும் சிறுவர்களைத் தங்க வைத்து வளர்த்தார். பணக்கார வீட்டுப் பிள்ளையானாலும் விடியுமுன் எழுந்து, துடைப்பம் எடுத்துப் பெருக்கியே தீர வேண்டும்!

ஜூடோவில் முதல் பாடம் தள்ளுவது அல்ல, அடிபடாமல் விழுவது. ஆபத்தான அடிகளைச் சாதாரணப் பயிற்சியிலிருந்து அவர் நீக்கிவிட்டார். தள்ளுகிறவன், விழுகிறவனின் சட்டைக் கையைப் பிடித்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். தொடங்கும்போதும் முடியும்போதும் இருவரும் குனிந்து வணங்க வேண்டும்.

ஏன் வணக்கம்? தனியாக யாரும் ஜூடோ கற்க முடியாது. ஒருவன் தன் உடம்பைக் கொடுத்தால்தான் மற்றவன் கற்கலாம். நம்மைத் தள்ளுகிறவனும் நமக்கு வாத்தியார். நம்மிடம் விழுகிறவனும் நமக்கு வாத்தியார். நானும் வாழ வேண்டும், பிறரும் வாழ வேண்டும் என்பதையே 1922-ல் அவர் தம் கொள்கையாக அறிவித்தார்.

கடலில் முடிந்த பயணம்

கானோவுக்கு உத்தியோகம் கல்விதான். டோக்கியோ உயர்தர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். சீன மாணவர்களுக்கென்று பள்ளி நடத்தினார். பிற்காலத்தில் பெரும் எழுத்தாளரான லூ சுன் அங்கே படித்தவர். நம் நாட்டுக்கும் ஜூடோ வந்தது. 1929-ல் கோடோகான் வீரர் தகாகாகி, தாகூரின் சாந்திநிகேதனத்துக்கு வந்து கற்பித்தார்.

1909-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் கானோ அங்கத்தினரானார். ஆசியாவிலிருந்து முதல் அங்கத்தினர் அவரே. 1938-ல் கெய்ரோ கூட்டத்துக்குப் போய்த் திரும்பும்போது, மே 4-ந் தேதி கப்பலிலேயே காலமானார். வயது 77. 1964-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் ஜூடோவும் இடம்பெற்றது. அதைக் காண அவர் இல்லை.

பிள்ளையைச் சிலம்பத்துக்கோ, குஸ்திக்கோ, கராத்தேக்கோ அனுப்பும் பெற்றோர்கள், யாரை ஜெயித்தாய் என்று கேட்பது வழக்கம். இன்று உன்னோடு பயிற்சி செய்தவன் யார், அவனுக்கு வணக்கம் சொன்னாயா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். கைக்குப் பலம் சீக்கிரம் வந்துவிடும். அந்தக் கேள்விதான் பிள்ளையின் மனத்தை வளர்க்கும்.