முத்துலட்சுமி ரெட்டி: தங்கையின் மரணமும் ஒரு புற்றுநோய் வைத்தியசாலையும்

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்ட லயத்தில், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் தன் பரிசோதனை அறிக்கையை வாசித்துச் சொல்லும்படி என்னிடம் நீட்டினார். உணவுக்குழாய்ப் புற்றுநோய். சோறு இறங்காமல் பல மாதம் கஞ்சியோடு சமாளித்த பிறகுதான் வைத்தியரிடம் போயிருக்கிறார். அவருடைய பாட்டனார் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவராம். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு முத்துலட்சுமி ரெட்டியின் நினைவு வந்தது.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் சமூகத்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் அனுமதியோடுதான் உள்ளே போனார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927இல் சென்னை சட்டசபையில் முதல் பெண் உறுப்பினர், பிறகு துணைத் தலைவர். தேவதாசி முறைக்கு எதிரான அவரது போராட்டத்தைப் பலரும் அறிவார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1923. அந்த ஆண்டு அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். வீட்டிலேயே ஒரு வைத்தியர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. பிறகு லண்டன் சென்று மேற்படிப்பு படித்துத் திரும்பியவர், 1935இல் சென்னையில் புற்றுநோய்க்கென்று தனி வைத்தியசாலை வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்குச் செலவு என்ற எண்ணம் அப்போது அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்தது. அவர் விடவில்லை. பெண்கள் அமைப்பு வழியாகப் பணம் திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறில் 12 கட்டில்களோடு வைத்தியசாலை திறந்தபோது முத்துலட்சுமிக்கு 67 வயது.

இன்றைக்கு ஆய்வுகூடங்கள் கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டு இழையத்துக்குச் சாயமூட்டி, அதிலுள்ள புரதங்களைப் பார்க்கின்றன. ஒரே அளவுக் கட்டியுள்ள இருவரில் ஒருவர் தேறுவதும் மற்றவர் தேறாததும் ஏன் என்பதற்கு அங்கே விடை தேடுகிறார்கள். பி53 என்ற புரதம் பற்றிய ஆய்வுகள் இன்னும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பிடி-எல்1 என்பது எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து பலிக்குமா என்று தீர்மானிக்க உதவுகிறது. ஹெர்2 பெரும்பாலும் உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்துக் கட்டிகளுக்குத்தான். இவையெல்லாம் நல்ல செய்திதான். ஆனால் அந்தத் துண்டை ஒருவர் நேரத்தோடு எடுத்திருக்க வேண்டுமே!

வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். 65 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களும் காரணமாகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடித்தே நாளைத் தொடங்கும் மலையகத்தில் இதை யார் சொல்வது?

1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போன தோட்டக் குடும்பங்களும் அதே பழக்கத்தோடுதான் போயின. யுத்தக் காலத்தில் அங்கிருந்து மஹரகமவுக்கு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். தெல்லிப்பழையில் இப்போது ஒரு புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. அதற்கும் மக்கள் பணம் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், அடையாறைப் போலவே.

முத்துலட்சுமி 1968இல் காலமானார்.

அந்த அம்மா அறிக்கையை மடித்து பொலித்தீன் பையில் வைத்தார். மஹரகமவுக்குப் போக வேண்டுமென்றால் காலையில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.