புதுமைப்பித்தன்: எழுத்தும் மூச்சும்

திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் தலைவி வசந்தவல்லி. அவள் பெயரிலேயே திரைப்படம் ஒன்றை உருவாக்க 1945ஆம் ஆண்டில் ஒரு சிறுகதை ஆசிரியர் துணிந்தார். தம் தாயின் பெயரை நினைவூட்டும் வகையில் பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்னும் நிறுவனத்தையும் தொடங்கினார். படம் நிறைவேறவில்லை, பொருளிழப்பே எஞ்சியது. பின்னர் அவர் ஏற்ற வேறொரு திரைப்பணி அவரைப் புனே நகருக்கு அழைத்துச் சென்றது. அங்கேதான் அவருடைய நுரையீரலைக் காசநோய் பற்றியது. அவரே புதுமைப்பித்தன்.

சொ. விருத்தாசலம் என்பது இயற்பெயர். 1906 ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ஆயினும் அவர் கதைகளில் ஒலிப்பது பொருநைக் கரையின் பேச்சே. தாசில்தாராக இருந்த தந்தை ஓய்வு பெற்றதும் 1918இல் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். தந்தையைப் போல் அரசுப் பணியை நாடாமல் எழுத்தை நம்பிச் சென்னைக்குச் சென்றார். மணிக்கொடி அவர் கதைகளுக்கு இடம் தந்தது. தினமணி ஊதியம் தந்தது. அந்த ஊதியம் என்றும் போதியதாக இருந்ததில்லை.

சாகும் உடலை அவரளவு அஞ்சாமல் உற்றுநோக்கிய தமிழ் எழுத்தாளர் அரியர். ‘மகாமசானம்’ சென்னையின் பெருஞ்சாலை ஓரத்தில் உயிர்விடும் பிச்சைக்காரரையும், விலகிச் செல்லும் கூட்டத்தையும் காட்டுகிறது. ‘செல்லம்மாள்’ கதையில், இறக்கும் மனைவிக்குக் கணவன் செய்யும் பணிவிடையே பெருங்காதலாகிறது. நோயைக் கருவியாக்கிக் கண்ணீர் வரவழைக்கும் எண்ணம் இக்கதைகளில் இல்லை.

பின்னர் அந்நிலை அவருக்கே வந்தது. ‘ராஜமுக்தி’ படத்திற்கு உரையாடல் எழுதப் புனேவில் தங்கியிருந்தபோது நோய் முற்றியது. மனித நுரையீரலில் ஏறத்தாழ 30 கோடி நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர் வழியே காற்றின் உயிர்வளி குருதியில் கலக்கிறது. காசநோய்க் கிருமி அச்சுவர்களை அரித்துக் குழிகளாக்குகிறது. ஆறிய இடமும் தழும்பாக இறுகிவிடுகிறது. அழிவு மிகும்போது, எத்தனை முறை மூச்சு வாங்கினாலும் உடலுக்கு வேண்டிய உயிர்வளி கிட்டுவதில்லை.

கிருமியை ராபர்ட் காக் 1882இலேயே கண்டறிந்திருந்தார். அதனை அடக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. 1948இல் இந்தியாவில் அது எளிதில் கிடைக்காத, விலைமிக்க மருந்து. எழுதிப் பிழைப்பவரின் எட்டாக்கை அது. நோயாளிக்கு ஓய்வும் நல்ல காற்றும் நல்லுணவுமே பெரும்பாலும் மருந்தாயின. பழுதான நுரையீரலை அகற்றி வேறொன்றைப் பொருத்தலாம் என்பது அன்று கனவு. அமெரிக்காவின் ஜாக்சன் நகரில் ஜேம்ஸ் ஹார்டி 1963இல் முதன்முதலாக மனிதருக்கு அவ்வாறு பொருத்தினார்; அந்நோயாளி 18 நாள்களே வாழ்ந்தார். மாற்றுறுப்பை உடல் ஏற்க மறுப்பதைத் தடுக்கும் மருந்துகள் வந்த பின், 1983இல் கனடாவின் டொராண்டோவில் இச்சிகிச்சை நிலைத்த வெற்றி கண்டது. இன்று சென்னை மருத்துவமனைகளில், மூளைச்சாவு அடைந்தோர் குடும்பத்தினரின் கொடையால் அது நடைபெறுகிறது. காசநோயோ, தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மாத்திரைகளால் தீரும் நோயாகிவிட்டது.

புதுமைப்பித்தனுக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. 1948 மே மாதம், மெலிந்த உடலோடு, மனைவி கமலாவின் ஊரான திருவனந்தபுரத்தை அடைந்தார். மகள் தினகரி அப்போது சிறு குழந்தை. மருத்துவச் செலவுக்காக நண்பர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. மற்றவர் தயவை எள்ளி நகையாடிய பேனாவுக்கு அது எளிய வேலையாக இருந்திராது.

ஆனித் திங்கள். தென்மேற்குக் காற்று கேரளக் கரையை நனைத்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து, தென்காசியில் குளிராகவும் குற்றாலத்தில் சாரலாகவும் இறங்கும் பருவம். மலைக்கு அப்பால், ஜூன் 30ஆம் நாள், 42 வயதில் அவர் மூச்சு அடங்கியது. ‘ராஜமுக்தி’ அதன் பின்னரே திரைக்கு வந்தது.