பெயரை மறைத்தாலும் தெரியும் கை



காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோர்வை போட்டுத் தறியிலேயே இணைக்கிறார்கள். நெய்தவர் அதில் தம் பெயரை எழுதுவதில்லை. அவருடைய கைநேர்த்தியே அவருக்கு அடையாளம்.

திரைப்படத்திலும் இப்படி ஒரு கைநேர்த்தி உண்டு. படத்தின் உண்மையான ஆசிரியர் இயக்குநரே என்று 1950களில் பிரெஞ்சு விமர்சகர்கள் வாதிட்டார்கள். அதே பத்தாண்டில் தமிழில் அதைச் செய்து காட்டியவர், காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இயக்குநர் ஸ்ரீதர்.

1933ஆம் ஆண்டு மதுராந்தகம் அருகே சித்தாமூரில் பிறந்தார். நாடகம் எழுதினார். 'எதிர்பாராதது', 'உத்தம புத்திரன்' போன்ற படங்களுக்கு வசனம் எழுதினார். 1959இல் 'கல்யாணப் பரிசு' படத்தின் மூலம் இயக்குநரானபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மேடைப் பேச்சு போன்ற நீண்ட வசனங்கள் கைதட்டல் பெற்ற காலம் அது. அவரோ வீட்டில் நாம் பேசுவதுபோல் அளவாக எழுதினார். நடிகர் பெயரைச் சொல்லிப் படம் பார்த்த மக்கள், ஸ்ரீதர் படம் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவரும் இவர்தான். ஆயினும் அவர் மனம் திரும்பத் திரும்ப நாடியது விட்டுக்கொடுக்கும் அன்பை. 'கல்யாணப் பரிசு' படத்தில் அக்காவுக்காகத் தங்கை தன் காதலைத் துறக்கிறாள். 'சுமைதாங்கி' (1962) நாயகன் குடும்பத்தின் பாரத்தையெல்லாம் சுமந்து, இறுதியில் கிறிஸ்தவக் குருவாகிறான். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) ஒரே மருத்துவமனை அரங்கில், ஒரு மாதத்துக்குள் எடுத்து முடிக்கப்பட்ட படம். தான் காதலித்த பெண்ணின் கணவன் நோயாளியாக வந்து நிற்கிறான். அவன் பிழைப்பது மருத்துவரின் கையில். ஊர் என்ன நினைக்கும், அவள் என்ன நினைப்பாள், தன் மனமே தன்னை என்ன செய்யும்? இத்தனை சோதனைகளுக்கும் நடுவே இரவு பகலாக உழைத்து அவனைக் காப்பாற்றுகிறார். அந்த உழைப்பிலேயே தம் உயிரையும் விடுகிறார்.

பக்கவாதத்தால் பல ஆண்டுகள் முடங்கியிருந்த ஸ்ரீதர், 2008 அக்டோபர் 20 அன்று தமது 75ஆம் வயதில் மறைந்தார். தலைப்பில் பெயரைப் பார்க்காவிட்டாலும், இது ஸ்ரீதர் படம் என்று அறிந்தவர்கள் இன்றும் சொல்லிவிடுவார்கள்.

நாமும் நாள்தோறும் ஒன்றை நெய்துகொண்டுதான் இருக்கிறோம். நம் பெயரை மறைத்துவிட்டு, வீட்டிலும் வேலையிடத்திலும் நாம் செய்தவற்றை மட்டும் ஒருவர் பார்த்தால், அவற்றில் எந்த இழை தொடர்ந்து ஓடுவதைக் காண்பார்? விட்டுக்கொடுத்த அன்பையா, விட்டுக்கொடுக்க மறுத்த பிடிவாதத்தையா? சிந்திப்போம்.