பண்டித ரமாபாய் எனக்குச் சொல்லித் தந்தது

மலருக்கு நமக்குப் பிடித்த ஒரு தலைவியைப் பற்றி எழுதச் சொன்னாங்க. எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் பண்டித ரமாபாய்.

என் வீட்டுக்காரர் தவறினபோது சின்னவளுக்கு மூணு வயசு. கோவிலுக்குப் போனாலும் ஜெபிக்க வாய் வரவில்லை. குழுக் கூட்டத்துக்கும் போகாமல் கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்தேன். எங்க ஐயரம்மா வீட்டுக்கு வந்தாங்க. புத்திமதி ஒண்ணும் சொல்லல. இந்த அம்மாவோட கதையைத்தான் சொன்னாங்க.

ரமாபாய் 1858-இல் பிறந்தவர். தாயாரிடமே சமஸ்கிருதம் படித்தவர். 1870-களில் வந்த பஞ்சத்தில் தகப்பனார், தாயார், அக்கா என்று ஒவ்வொருவராக இழந்தார். அண்ணனோடு ஊர் ஊராக நடந்து கடைசியில் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த அறிஞர்கள் அவருடைய படிப்பைப் பார்த்து, பண்டிதை என்று பட்டம் கொடுத்தார்கள். 1880-இல் அண்ணனும் போய்விட்டார். அதே வருடம் கல்யாணம் ஆனது. 1882-இல் கணவரும் காலராவில் இறந்தார். கையில் ஒரு வயசுகூட நிரம்பாத மகள் மனோரமா. ரமாபாய்க்கு அப்போ 23 வயசுதான்.

1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஆனாலும், கர்த்தர் தன் பக்கத்திலேயே இருக்கிறார் என்ற நிச்சயம் அவருக்குப் பல வருடம் கழித்துத்தான் வந்தது. இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு படிச்சவருக்கே அத்தனை நாள் ஆகியிருக்கே!

1889-இல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காகச் சாரதா சதன் பள்ளியைத் தொடங்கினார். 1896-இல் மத்திய இந்தியாவில் பஞ்சம் வந்தது. தான் பட்ட பசியை அவர் மறக்கவில்லை. நேரிலேயே போய், பட்டினி கிடந்த பெண்களையும் பிள்ளைகளையும் நூற்றுக்கணக்கில் கூட்டி வந்தார். பூனா பக்கம் கேட்காவ்ன் என்ற ஊரில் முக்தி இல்லம் இப்படித்தான் வளர்ந்தது. அங்கே சோறு போட்டதோடு விடவில்லை. நெசவு, விவசாயம், எண்ணெய் ஆட்டுவது, அச்சு வேலை எல்லாம் கற்றுக்கொடுத்தார். நம்ம குழுக்கள் செய்யறதும் இதுதானே!

1921-இல் மகள் மனோரமாவும் இறந்துபோனார். அந்தத் துக்கத்திலும், வேதாகமத்தை எளிய மராத்தியில் எழுதும் வேலையை அவர் நிறுத்தவில்லை. 1922 ஏப்ரல் 5-ஆம் தேதி காலமானார். முக்தி இல்லம் இன்றும் நடக்கிறது.

கதை கேட்ட அடுத்த வாரம் கூட்டத்துக்குப் போனேன். நான் வராத ரெண்டு மாசச் சந்தாவையும் தோழிகளே கட்டி வைத்திருந்தாங்க. பாஸ் புத்தகத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து ஜெபித்தேன். பிறகு உள்கடன் வாங்கித் தையல் மிஷின் போட்டேன். அந்தக் கடனும் அடைந்துவிட்டது.

துக்கம் முழுசாப் போயிடல. ஆனால் தனியாக இருக்கோம்ங்கிற பயம் போயிடுச்சு. இப்போ எங்க குழுவில் யாராவது ரெண்டு கூட்டத்துக்கு வரலேன்னா, நானே அவங்க வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டறேன்.