ஆசிரியர்களுக்கு ஆசிரியர் ஹாரி குரோ பக்

விளையாட்டுத் திடலில் கழுத்தில் விசிலும் கையில் கடிகாரமுமாக நிற்கும் உடற்கல்வி ஆசிரியையை அறியாத மாணவி நம்மில் இல்லை. கணக்கு ஆசிரியையைப் போல, தமிழ் ஆசிரியையைப் போல அவரும் முறையாகப் பயின்று தகுதி பெற்று வந்தவர் என்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு இல்லை. அந்நிலையை மாற்றத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர்.

அவர் 1884ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் லிவர்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தோடு அதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வளர்ந்தபின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி பயின்றார். நாம் ஆடும் கூடைப்பந்து பிறந்த இடம் அக்கல்லூரியே. அங்கு ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் மாணவர் உள்ளிருந்தே ஆடுவதற்கென்று 1891இல் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி அந்த ஆட்டத்தைத் தொடங்கினார். 1895இல் கைப்பந்தை உருவாக்கிய வில்லியம் மார்கனும் அக்கல்லூரி மாணவரே. விளையாட்டும் கல்வியின் ஒரு பகுதி என்ற எண்ணம் ஊறிய இடத்திலிருந்து பக் வந்தார்.

1919இல் அவர் சென்னையை அடைந்தபோது இங்குள்ள பள்ளிகளில் கண்டதோ வேறு. அக்காலத்தில் உடற்பயிற்சி என்றால் டிரில் என்றே பொருள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கட்டளையிடுவார். பிள்ளைகள் கையை உயர்த்துவர், தாழ்த்துவர். அவரும் தமக்குத் தெரிந்ததை நேர்மையாகவே கற்பித்தார். அவருக்குக் கற்பிக்கும் கலையைச் சொல்லிக்கொடுத்தவர் எவருமில்லை என்பதே குறை. பள்ளியில் அவருக்கு மதிப்பும் குறைவு, ஊதியமும் குறைவு.

இரண்டொரு சிறந்த ஓட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சியளித்துப் பரிசுகள் வாங்கித் தந்திருந்தால் பக்கின் பெயர் விரைவில் பரவியிருக்கும். அவர் அவ்வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆசிரியர்களை உருவாக்கினால் அவர்கள் ஆயிரம் பள்ளிகளுக்குச் செல்வார்கள் என்று எண்ணி, 1920இல் சென்னையில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஓலைக் கொட்டகையில் தொடங்கிய அப்பள்ளியில் முதலில் சேர்ந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கினர். விளையாடுவதற்கும் ஒரு பள்ளிக்கூடமா என்று பலருக்கும் வியப்பாகத்தான் இருந்திருக்கும். படித்து முடித்துப் பந்து விளையாடப் போகிறாயா என்று தந்தையர் கேட்பது இன்றும் நின்றபாடில்லையே! ஆனால் அங்கு பந்து மட்டுமன்று, பாடமும் இருந்தது. எலும்பும் தசையும் எவ்வாறு இயங்குகின்றன, வளரும் பிள்ளைக்கு எவ்வளவு பயிற்சி தகும், காயம்பட்டால் செய்ய வேண்டியது என்ன என்பவற்றையெல்லாம் கற்றபின்னரே ஒருவர் திடலில் நின்று கட்டளையிட முடியும். மேல்நாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு ஆட்டங்களுக்கும் அவர் இடமளித்தார். அந்தச் சிறு பள்ளியே இன்று நந்தனத்தில் அடையாற்றங்கரையில் விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. பின்னாளில் பெண்களும் அதில் பயிலும் நிலை வந்தது.

1924இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியா ஓர் அணியை அனுப்பியது. அவ்வாண்டு பிப்ரவரியில் டெல்லியில் நடந்த அகில இந்தியப் போட்டியில் தேர்ந்தவர்கள் அதில் இடம்பெற்றனர். அணியை அழைத்துச் செல்லும் மேலாளர் பொறுப்பு பக்கிடம் வந்தது. நீளம் தாண்டுதலில் தலீப் சிங்கும், 110 மீட்டர் தடை ஓட்டத்தில் லட்சுமணனும் அவரோடு சென்றவர்களில் இருவர். பல நாள் கப்பற்பயணத்துக்குப் பின் பழக்கமில்லாத நாட்டில் ஓடுவது எளிதன்று. பதக்கம் ஏதும் கிடைக்கவில்லை. 1900இல் நார்மன் பிரிச்சார்டு வென்ற இரு வெள்ளிப் பதக்கங்களுக்குப் பிறகு, தடகளத்தில் இந்தியாவின் அடுத்த பதக்கம் 2021இல் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து பெற்ற தங்கமே என்றால், பாதை எவ்வளவு நீண்டது என்பது விளங்கும்.

வெறுங்கையோடு திரும்பிய பக் மனம் தளரவில்லை. ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த மருத்துவர் நோரெனும் அவரும் மாகாணம் மாகாணமாகச் சென்று ஒலிம்பிக் சங்கங்களை அமைக்க உதவினர். அம்முயற்சியின் பயனாக 1927இல் தோராப்ஜி டாட்டாவைத் தலைவராகக் கொண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாயிற்று. நோரென் அதன் முதல் செயலாளரானார். பக் தம் கல்லூரிக்கே திரும்பினார். அதுவே அவருக்கு உகந்த இடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊருக்கு ஒரு விதியாக ஆடினால் போட்டி நடத்த இயலாது அல்லவா? ஆகவே அவர் விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். அது பல தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்களின் கைந்நூலாக இருந்தது. நம் மாணவியர் விரும்பி ஆடும் எறிபந்துக்கு அவரே 1955இல் விதிகள் வகுத்தார் என்று சில இடங்களில் எழுதப்படுகிறது. அது பொருந்தாது, ஏனெனில் அவர் 1943 ஜூலை 24 அன்றே மறைந்துவிட்டார்.

கடல் கடந்து வந்து 1876 முதல் 1908 வரை நாசரேத்துக்கு உழைத்த மர்காஷிஸ் ஐயரை நம் ஊர் நன்கு அறியும். பக்கின் பெயர் இங்கு அவ்வளவு வழங்கவில்லை. ஆயினும் தேரி மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய பிள்ளைகளுக்கு ஓட்டப்பாதை வரைந்து, தாண்டும் முறை காட்டி, வட்டப் போட்டிக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர் பலர் அவர் தொடங்கிய கல்விமுறையின் வழி வந்தவர்களே.

அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மேரி டிசோசாவும் நீலிமா கோஷும் இந்தியாவுக்காக ஓடினர். 1984இல் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டில் பதக்கத்தை இழந்தார். பக் ஊர் ஊராகச் சென்று வேரூன்றச் செய்த அதே இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக 2022 டிசம்பரில் அந்த உஷாவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.